ஆல்பத் தரவரிசை இலக்கணம்: மணிரத்னம்–ரகுமான் அதிகாரம்

பாயிரம்

பாயிரம் சொல்லாமல் நூலுக்குள் நுழைவது செருப்போடு கர்ப்பக்கிரகத்துக்குள் போவதற்குச் சமம் என்பதால் முதலில் அதை முடித்துவிடுவோம்.

இந்நூல் நுதலிய பொருள்: 1992 முதல் 2025 வரை மணிரத்னம் இயக்கத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 17 படங்களின் ஆல்பங்களை மேலிருந்து கீழாக அடுக்கும் தொழிலும், அத்தொழில் செய்வாரின் வகையும். நூல் வழங்கும் எல்லை: வடக்கே ஜெமினி மேம்பாலம், தெற்கே திருவான்மியூர், மேற்கே வடபழனி, கிழக்கே கடல். கேட்போர்: ஏற்கெனவே ஒரு பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு, இதிலே தப்பு கண்டுபிடிக்க வந்தவர்கள். பயன்: அறம், பொருள், இன்பம் மூன்றும் இல்லை. வீடு மட்டும் உண்டு. விவாதம் முடிந்தால் போய்ச் சேரலாம்.

எல்லை இயல்

பட்டியல் போடும் நோய் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் ஸ்விண்டன் ஊரில் எக்ஸ்டிசி என்றொரு நியூ வேவ் குழு இருந்தது. 1978 முதல் 2000 வரை அவர்கள் வெளியிட்ட ஆல்பங்களை இன்றைக்கும் முன்பின்னாக மாற்றி அடுக்கிக்கொண்டு அந்நாட்டில் நடுத்தர வயது ஆண்கள் பலர் சனிக்கிழமைகளைக் கழிக்கிறார்கள். ஒரே ஆட்கள், பல வருஷம், வரிசையாகச் சில ஆல்பங்கள் என்ற மூன்றும் அமைந்தால் தரவரிசை தானே முளைக்கும் என்பது விதி. நம்மூரில் அம்மூன்றும் அமைந்தது இயக்குநர்–இசையமைப்பாளர் ஜோடியிடம். செக்கச் சிவந்த வானம் (2018) வரை பெரும்பாலும் பாட்டெழுத வைரமுத்துவும் உடனிருந்ததால் இதைக் குழு என்றே கொள்ளலாம்.

இனி, எவை எவை பட்டியலில் சேரும் என்பது. ரோஜா, திருடா திருடா, பம்பாய், இருவர், உயிரே, அலைபாயுதே, கன்னத்தில் முத்தமிட்டால், ஆயுத எழுத்து, குரு, ராவணன், கடல், ஓ காதல் கண்மணி, காற்று வெளியிடை, செக்கச் சிவந்த வானம், பொன்னியின் செல்வன் இரு பாகங்கள், தக் லைஃப். ஆகப் பதினேழு.

"குரு இந்திப் படமாச்சே?" என்பாருக்கு: ஆம், இந்திப் படந்தான். எனினும் தமிழிலும் வந்தது, நாமும் கேட்டோம், ஆகவே சேரும். "அப்ப இந்திரா?" என்பாருக்கு: அதை இயக்கியவர் சுஹாசினி. ஒரே வீடு எனினும் ஒரே பட்டியல் அன்று. "பொன்னியின் செல்வனை ஒன்றாக எண்ணலாமே?" என்பாருக்கு: இரண்டு டிக்கெட் வாங்கினீர்கள் அல்லவா? இரண்டாகவே எண்ணுக.

திணை இயல்

பட்டியலிடுவோர் ஏழு திணையர். ஐந்து நிலத்தால் அமைந்தவை. இரண்டு குணத்தால் அமைந்தவை.

*குறிஞ்சி.* நிலம், மலையும் மலை சார்ந்த இடமும். தி. நகரில் மலை இல்லாமையால் மொட்டைமாடியும் மொட்டைமாடி சார்ந்த இடமும் கொள்ளப்படும். பொழுது யாமம். தெய்வம் முருகன், கோயில் வடபழனி. யாழ், இரட்டை ஸ்பீக்கர் வைத்த டேப் ரெக்கார்டர். உரிப்பொருள் முதற்கூட்டம், அதாவது 1992 ஆகஸ்டில் ரோஜாவைக் கேட்ட அந்த முதல் தடவை.

இத்திணையாருக்கு முதலிடம் ரோஜா. இரண்டாவதும் ஏறக்குறைய ரோஜாதான். அது ரகுமானின் முதல் படம், முதல் தேசிய விருது, ஹரிஹரனின் முதல் தமிழ்ப் பாட்டு என்ற மூன்று முதல்களையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அமெரிக்காவின் டைம் இதழில் 2005இல் ரிச்சர்ட் கார்லிஸ் தேர்ந்த பத்துச் சிறந்த திரையிசையில் ரோஜா இருந்ததை, அந்த இதழை ஒருநாளும் வாங்காதவர்களும் சொல்வார்கள்.

இவர்களை இனங்காண ஒரு சோதனை உண்டு. ரெக்கார்டிங் சென்டரில் 60 நிமிட கேசட் கொடுத்து, "ஏ சைடு ரோஜா, பி சைடு உங்க இஷ்டம்ணே" என்று பதிந்து வாங்கியவர்கள் இவர்கள். அந்தக் கேசட் ஒருநாள் டெக்கில் சிக்கும். நாடாவை மெல்ல உருவி, கசங்கிய இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் நீவி, பல்சக்கரத்தில் பென்சிலைச் செருகிச் சுற்றி உள்ளே தள்ளுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஓர் இடத்தில் மட்டும் பாடகி மின்மினியின் குரல் தண்ணீருக்குள் முங்கி எழுந்து வரும். அப்படியே சில வருஷம் கேட்டுப் பழகியாயிற்று. இன்றைக்கு அதே பாட்டைப் போனில் பிசிறில்லாமல் போட்டுக் காட்டுங்கள். அந்த இடம் வந்ததும் முகம் சுளித்து, "இல்லப்பா, ஒரிஜினல் மிக்ஸிங் இது கிடையாது" என்றால் அவர் குறிஞ்சித் திணை.

*மருதம்.* நிலம் மயிலாப்பூர். குளமும் குளம் சார்ந்த மாட வீதியும். பொழுது வைகறை. உணவு, மெஸ் டிபன், டபரா காபி. உரிப்பொருள் ஊடல்.

இத்திணையில் ஊடலுக்குக் காரணம் பரத்தை அன்று, ரிஷபம். இருவர் படத்தில் உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடியது நாட்டையா, கம்பீர நாட்டையா என்பதே இங்கே நிலையான வழக்கு. கம்பீர நாட்டைக்கு ஐந்தே ஸ்வரம், ரிஷபம் கிடையாது. ரிஷபம் தொட்டால் நாட்டை.

"ஏன்னா, ரிஷபம் எங்க வந்துது? பாடிக் காமிங்கோ பாப்போம்."

"பாடினாத்தானா? காது இருந்தா கேக்கும்."

"உங்க காதைத்தான் போன மாசம் டாக்டர்ட்ட காமிச்சோமே."

இவ்விடத்தில் ஊடல் தீர்க்கும் வாயிலாக வருபவர் இரண்டாவது காபி கொண்டுவரும் பரிமாறுபவர். ஊடல் தீராது, காபி தீரும்.

மருதத்தார் அலைபாயுதேவுக்கும் உயர்ந்த இடம் தருவர். காரணம் காதலோ மின்சார ரயிலோ அன்று. ஊத்துக்காடு வேங்கட சுப்பையரின் கிருதியைக் கானடா ராகம் கெடாமல் கல்யாணி மேனன், ஹரிணி, நெய்வேலி ராமலட்சுமி மூவரையும் பாடவைத்து, மேலே டிரம்ஸ் போட்டு அடிக்காமல் விட்டார்களே, அந்த நாகரிகத்துக்கு மதிப்பெண்.

*நெய்தல்.* நிலம் அடையாறும் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சும். பொழுது எற்பாடு. உணவு சுண்டல், மிளகாய் பஜ்ஜி. உரிப்பொருள் இரங்கல்.

கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தருகே இவர்களைக் காணலாம். கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் 1930இல் உயிர்விட்ட டேனிஷ் மாலுமிக்குக் கட்டிய மண்டபம் அது. இரங்கலுக்கு இதைவிடப் பொருத்தமான முதற்பொருள் சென்னையில் இல்லை. "அந்த சவுண்டு இப்ப இல்ல மச்சான். கன்னத்தில் முத்தமிட்டாலோட முடிஞ்சிருச்சு" என்பது இத்திணையின் அடிப்படை வாக்கியம். இவர்கள் பட்டியலில் 2002க்குப் பிந்திய பத்து ஆல்பங்களும் "மத்ததெல்லாம்" என்ற ஒரே வரியில் அடங்கும். அதே ஆள் ராவணன் பாட்டுக்குக் காரின் ஸ்டியரிங்கில் தாளம் போடுவதைப் பார்த்தோர் உளர். கேட்டால் அது கை செய்த தவறு என்பர்.

*முல்லை.* நிலம் தி. நகர், சிறப்பாக ரங்கநாதன் தெருவும் பாண்டி பஜாரும். பொழுது மாலை, பெரும்பொழுது தீபாவளிக்கு முந்திய கார்காலம். உரிப்பொருள் இருத்தல், அதாவது துணிக்கடை வாசலில் மூன்று கட்டைப் பைகளோடு காத்திருத்தல்.

இவர் காதில் இயர்போன் இருக்கும். அதில் ஓடுவது செக்கச் சிவந்த வானமாகவோ காற்று வெளியிடையாகவோ இருக்கும். "முதல் தடவை கேட்டா ஒண்ணும் தெரியாது சார். ரகுமான் ஸ்லோ பாய்சன். ஒரு பத்து தடவை கேளுங்க" என்பார். பொறுமையே இத்திணையின் கற்பு. காற்று வெளியிடைக்கு ரகுமானுக்கும், அதே படத்தில் பாடிய ஷாஷா திருப்பதிக்கும் தேசிய விருது கிடைத்தபோது, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லும் உரிமை முல்லைக்கு மட்டுமே இருந்தது. உள்ளே போனவர் புடவை எடுத்து வருவதற்குள் ஓர் ஆல்பம் முழுதும் ஓடி முடியும் என்பதால், ஒரு பாட்டையும் தாண்டாமல் வரிசையாகக் கேட்பவர் தென்சென்னையில் இவர் ஒருவரே. ஆராய்ச்சியாளர் இதைக் குறித்துக்கொள்க.

*பாலை.* இதற்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் விசா பெற்றால் பாலையாகும். இடம் நியூ ஜெர்சி, சிங்கப்பூர், டொரன்டோ. பொழுது நண்பகல், அவர்கள் நண்பகல் பலருக்கு நம் இரவு. உரிப்பொருள் பிரிவு.

அடையாற்றிலிருந்து போனவருக்கு முதலிடம் பெரும்பாலும் அலைபாயுதே. தாம்பரம் மின்சார ரயில் வந்து நிற்கும் காட்சிக்காகவே அந்த ஆல்பத்தை விடமாட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து போனவருக்கு அது கன்னத்தில் முத்தமிட்டால். ஊரை விட்டுக் கிளம்பும் கூட்டத்தின் பாட்டை எம்.எஸ். விஸ்வநாதனின் தழுதழுத்த குரலில் வைத்திருக்கிறார் ரகுமான். டொரன்டோவில் அந்தப் பாட்டைக் கேட்டு ஒருவர் கண்ணைத் துடைத்தால், அவரிடம் போய் "ஆனா ஓவரால் ஆல்பமா பாத்தா..." என்று தொடங்கக் கூடாது. இந்நூலின் விதிகளுள் வேடிக்கைக்கு எழுதப்படாதது இது ஒன்றே.

*கைக்கிளை.* ஒருதலைக் காமம். படத்தை யாரும் பார்க்காதபோதும் ஆல்பத்தை விடாதவர் இவர். கடல் (2013) இதற்கு இலக்கியம். படம் வருமுன்பே சக்திஸ்ரீ கோபாலன் எம்டிவி அன்பிளக்டு மேடையில் பாடிய பாட்டைக் கேட்டார், சித் ஸ்ரீராம் என்ற புதுக்குரல் அறிமுகமாவதைக் கேட்டார், மாதக்கணக்கில் காத்திருந்தார், தியேட்டருக்குப் போனார், திரும்பி வந்தார். படத்தைப் பற்றி அதன்பின் பேசவில்லை. ஆல்பத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார். மறுமொழி பெறாதவிடத்தும் சொல்லி இன்புறுதல் கைக்கிளைக்கு இலக்கணம் ஆகலின் இது வழுவன்று.

*பெருந்திணை.* பொருந்தாக் காமம். ரகுமான் பட்டியலைக் கேட்டால் தளபதி (1991) என்று தொடங்குவார். "அது இளையராஜா சார்" என்றால், "அதைத்தான்யா சொல்றேன்" என்பார். பகல் நிலவு முதல் தளபதி வரை மணிரத்னத்தின் தமிழ்ப் படங்களுக்கெல்லாம் ராஜாதானே இசை. நடுவில் அஞ்சலி அவருக்கு 500ஆவது படம் வேறு. அதோடு நிறுத்தியிருக்கலாம் என்பது இவர் கட்சி. கையில் வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. பிபிசி உலக சேவை 2002இல் நடத்திய உலகப் புகழ் பாட்டு வாக்கெடுப்பில் தளபதியின் பாட்டு நான்காம் இடம். உயிரே படத்து ரயில் பாட்டின் இந்தி வடிவம் ஒன்பதாம் இடம். "உலகமே ஓட்டுப் போட்டுச் சொல்லிருச்சு, ஐந்து படி வித்தியாசம்!" அவ்வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது ஓர் அயர்லாந்துக் குழுவின் தேசபக்திப் பாட்டு, அதை அவரோ நாமோ இதுவரை கேட்டதில்லை. இதை எடுத்துக்காட்டினால், "நான்காம் இடத்தைப் பத்திப் பேசுய்யா" என்பார். பெருந்திணையோடு வாதிட்டு வென்றவர் இலர்.

இட இயல்

இனி இந்நூலின் உயிர்நிலை. ஆளை விட்டு இடத்தை ஆராய்வோம். எந்தத் திணையார் போட்ட பட்டியலாயினும், ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு காரணத்தால் நிரம்புகிறது.

முதலிடம் வயதால் நிரம்பும். பிளஸ் டூ தேர்வுக்கும் முதல் சம்பளத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் வந்தது எதுவோ அதுவே முதலிடம் பெறும். இதற்கு முதற்சம்பள விதி என்று பெயர். 1975இல் பிறந்தவர் ரோஜா அல்லது பம்பாய் என்பார்; 1982இல் பிறந்தவர் அலைபாயுதே; 1995இல் பிறந்தவர் கடல் அல்லது ஓ காதல் கண்மணி. முதற்சம்பளம் இன்னும் வராதோர் பட்டியல் தற்காலிகமானது, அதன்மேல் வழக்காடற்க.

இரண்டாமிடம் கெத்தால் நிரம்பும். முதலிடத்தில் எல்லாரும் சொல்வதைச் சொல்லியாயிற்று. தமக்கும் நுண்ணிய ரசனை உண்டு என்று காட்டவேண்டும். அதற்கென்றே அமைந்தது இருவர். 1997இல் படம் ஓடவில்லை என்பது முதல் தகுதி. பழைய கால ஸ்விங் இசையும், சங்கப்பாட்டின் சாயலும், அரவிந்த்சாமி குரலில் வெறும் கவிதையாகவே இரண்டு பதிவுகளும் உண்டு என்பது இரண்டாம் தகுதி. அக்கவிதைப் பதிவுகளை முழுதாகக் கேட்டீரா என்று கேட்டால் இரண்டாமிடக்காரர் வாட்ச்சைப் பார்ப்பார்.

ஏழு முதல் பதினாறு வரை ஞாபகத்தால் நிரம்பும். இங்கே ஆல்பங்கள் தரத்தின்படி நிற்பதில்லை, நினைவுக்கு வந்த வரிசைப்படி நிற்கும். "ஐயையோ, ராவணனை விட்டுட்டேனே" என்று நடுவில் செருகப்படும் இடம் இது. ராவணன் எல்லாப் பட்டியலிலும் பதினொன்றாவது வருவதன் காரணம் இதுவே.

பதினேழாமிடம் கேளாமையால் நிரம்பும். கேட்டுப் பிடிக்காத ஆல்பத்தைக் கடைசியில் வைக்க மனம் வராது. அதில் ஒரு பாட்டாவது குறுக்கே வந்து நிற்கும். ஒருமுறையும் முழுதாகக் கேளாததை வைக்கத் தடை ஏதும் இல்லை.

மூன்று முதல் ஆறு வரை எஞ்சின. இவ்விடங்களில் வயதுக்கு வேலை இல்லை, கெத்துக்கு வேலை இல்லை, இவற்றைப் பார்த்து யாரும் சண்டைக்கும் வருவதில்லை. ஆகவே ஒருவர் உண்மையிலேயே விரும்பிக் கேட்பவை இந்நான்கு இடத்திலேயே வந்து உட்காரும். பட்டியலை வாசிக்கத் தெரிந்தவர் மூன்றிலிருந்து தொடங்குவார். பிறர் முதலிரண்டோடு நிறுத்திக்கொண்டு கையை ஓங்குவார்.

தடை விடை

"எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்று போனிலேயே எண் தெரிகிறதே, அதன்படி அடுக்கினால் முடிந்ததே?" என்பது தடை. அவ்வெண் பாட்டுக்கு உரியது, ஆல்பத்துக்கு உரியதன்று. ஒரே பாட்டைச் சுற்றிச் சுற்றிக் கேட்டவரையும், பி சைடின் கடைசிப் பாட்டு வரை பொறுத்திருந்தவரையும் அது ஒரே தராசில் நிறுக்கும். இது விடை.

"ஆசிரியர் பட்டியல் எங்கே?" என்பது அடுத்த தடை. இட இயலை வகுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் ஆகலின், மூன்று முதல் ஆறு வரை மட்டும் வெளியிடப்படுகிறது.

மூன்று: திருடா திருடா (1993). கீபோர்டை வைத்தே புகழ் பெற்றார் என்று ஊர் பேசிய மறு வருஷமே, வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு ஷாகுல் ஹமீதின் குரலையும் சூழ்ந்து நிற்கும் கோரஸையும் கொண்டே ஒரு முழுப் பாட்டைக் கட்டிய துணிச்சலுக்காக. தாளம், சுருதி, பின்னணி எல்லாமே தொண்டையிலிருந்து வருகின்றன. கிராமத்துப் பெண்ணுக்கான பாட்டில் மாதா கோயில் கோரஸ் ஒலிக்கும். பொருந்தாது என்று நினைப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

நான்கு: கன்னத்தில் முத்தமிட்டால் (2002). 1928இல் பிறந்த விஸ்வநாதனையும், அதுவரை சினிமாவில் பாடியிராத சின்மயியையும் ஒரே ஆல்பத்தில் நிறுத்தி, இரண்டு பேருக்கும் அவரவர் வயதுக்குரிய வேலையைக் கொடுத்ததற்காக. படத்தின் தலைப்பு பாரதியுடையது. அதைத் தாங்கும் மெட்டுப் போடுவது சிறிய காரியமன்று.

ஐந்து: பம்பாய் (1995). சொல்லே இல்லாத ஒரு பதிவுக்காக. பாட்டில்லாத இசை வந்தால் கேசட்டை ஓட்டிவிடும் பழக்கம் உள்ள தமிழ் வீடுகளில், நவீன் குமாரின் புல்லாங்குழல் முடியும்வரை பொத்தானிலிருந்து விரலை எடுக்க வைத்தது அது. பின்னர் தீபா மேத்தாவின் ஃபயர், ஹாலிவுட்டின் லார்டு ஆஃப் வார் என்று வேறு படங்களுக்கும் போய் வந்தது.

ஆறு: ஆயுத எழுத்து (2004). நேப்பியர் பாலத்தை வைத்து எடுத்த படம். அதற்கேற்ப இசையும் ஹெல்மெட் இல்லாத வேகம். மெரினாவில் சிக்னல் பச்சை விழும் கணத்தில் கேட்கவேண்டிய ஆல்பம் என்பதால் வீட்டில் உட்கார்ந்து கேட்டு மதிப்பிட்டோர் தீர்ப்பு செல்லாது.

முதலிடம் எது என்று கேட்பவர் ஆசிரியரின் வயதைக் கேட்கிறார். அது ரேஷன் கார்டில் உள்ளது. இரண்டாமிடம் எது என்று கேட்பவர் ஆசிரியரின் மானத்தைக் கேட்கிறார். அதற்குக் கார்டு இல்லை.

புறனடை

விதிக்குள் அடங்காதன சில உள. தக் லைஃப் (2025) ஆல்பத்தில் ஒரு பாட்டைத் தமிழில் பாடியவர் தீ என்ற பாடகி. சென்னை இசை வெளியீட்டு மேடையில் அதையே பாடியவர் சின்மயி. ஊர் முழுக்கப் பரவியது மேடைப் பாட்டு. பட்டியலில் எதை நிறுப்பது? முன்சொன்ன எக்ஸ்டிசி குழுவுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. 1986இல் வந்த அவர்களுடைய ஸ்கைலார்க்கிங் ஆல்பத்தில் இடம்பெறாமல் வேறொரு தட்டின் பி சைடில் ஒதுங்கிய டியர் காட் என்ற பாட்டே அமெரிக்க வானொலிகளில் பிடித்துக்கொண்டது. உடனே கம்பெனி அடுத்த அச்சில் அதை உள்ளே சேர்த்தது. எந்த அச்சை வைத்து வரிசைப்படுத்துவது என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. நாமும் அவசரப்பட வேண்டியதில்லை.

இந்நூலை மறுப்போர் தம் பட்டியலை எழுதி அனுப்பலாம். பிறந்த வருஷத்தை மேலே குறிப்பிட்டால் முதலிடத்தை எழுத வேண்டிய அவசியமில்லை, நாமே நிரப்பிக்கொள்வோம். இரண்டாமிடத்தில் இருவர் என்று எழுதியவர், அரவிந்த்சாமியின் கவிதைப் பதிவு இரண்டையும் முழுதாகக் கேட்டதற்கு வீட்டிலுள்ள ஒருவரின் சாட்சிக் கையெழுத்தையும் இணைக்க வேண்டும். கையெழுத்துப் போட வீட்டில் ஆள் கிடைத்தால் அவரும் அந்நேரம் கேட்டிருக்கிறார் என்று பொருள். அப்படிப்பட்ட குடும்பத்தின் பட்டியல் கேள்வியின்றி ஏற்கப்படும்.